உஷார்! நாலு கிளைக்கும் ஒரே வாசலா?

கோவையில் ஹெட் ஆபீஸ், திருப்பூரில் குடோன், பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் கடை. நாலு இடத்திலும் தனித்தனி இன்டர்நெட் லைன். நாலையும் மெஷ் விபிஎன் போட்டு ஒன்றாகக் கட்டியாயிற்று. பிறகு, இருப்பதில் நல்ல லைன் எதுவோ அது வழியாகவே எல்லாரும் வெளியே போகட்டும் என்று ரூட்டரில் ஒரு டிக் போட்டாயிற்று. உங்கள் தொழில் ஏறக்குறைய இப்படி இருந்தால், அந்த டிக்கை இன்றே போய்ப் பாருங்கள். மொத்தத் தொழிலும் இப்போது ஒற்றைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முன்பு பொள்ளாச்சி லைன் அறுந்தால் பொள்ளாச்சி மட்டும்தான் நின்றது. நீங்கள் வைத்த நல்ல லைன் கோவையில் என்றால், இப்போது கோவை லைன் அறுந்தால் நாலும் நிற்கும். பொள்ளாச்சிக் கடையில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் விளக்கு பச்சையாகவே எரியும். அங்குள்ள லைனில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் பில்லிங் ஓடாது. திருப்பூரில் சரக்கு ஏற்றிய லாரி இ-வே பில் எடுக்க வழியில்லாமல் நிற்கும். லைன் கொடுத்தவருக்குப் போன் போட்டால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். அதனாலேயே கோளாறு எந்த ஊரில் என்று கண்டுபிடிப்பதற்குள் அரைநாள் வியாபாரம் போய்விடும்.

இப்படி ஒரே வாசலுக்குத் திருப்பிவிட நியாயமான காரணங்கள் இருக்கின்றன. இ-இன்வாய்ஸ் சாஃப்ட்வேர் நேரடியாகப் பேசுவதற்குப் பதிவு செய்த நிலையான ஐபி வேண்டும். சில வங்கி வேலைகளுக்கும் அப்படியே. கிளையில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரே இடத்தில் வடிகட்டலாம். வயர்கார்டு, டெயில்ஸ்கேல், ஜீரோடயர் போன்றவை வந்தபின் இதெல்லாம் ஒரு மதியத்தில் முடிகிற வேலையாகிவிட்டது. இத்தனை எளிதாகிவிட்டதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இருபது வருடம் முன்பு நெட்வொர்க் இன்ஜினீயர் ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து யோசித்த முடிவை, இப்போது ஆப்பில் ஒரு பட்டன் எடுத்துவிடுகிறது.

எந்த லைனை வாசலாக வைப்பது? பெரும்பாலும் நடப்பது இதுதான்: நாலு ஊரிலும் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி, பெரிய எண் எங்கே வருகிறதோ அதை வைத்துவிடுகிறார்கள். அந்த எண் டவுன்லோடு வேகம். வாசலாக மாறப்போகும் லைனுக்கு அந்த எண் பாதிக் கதைதான். உடுமலைக் கடை ஒரு பக்கத்தைத் திறக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். இன்டர்நெட்டிலிருந்து தகவல் கோவைக்கு வருகிறது, கோவையின் டவுன்லோடில். பிறகு கோவையிலிருந்து உடுமலைக்குப் புறப்படுகிறது, கோவையின் அப்லோடில். உடுமலை எதையாவது அனுப்பும்போதும் இதே கதை: கோவைக்குள் வந்து, கோவையிலிருந்து மறுபடி வெளியேற வேண்டும். ஒவ்வொரு பைட்டும் கோவை லைனை இரண்டு தடவை தின்கிறது. கோவை லைன் 300 எம்பிபிஎஸ் டவுன்லோடு, 30 எம்பிபிஎஸ் அப்லோடு என்றால், மற்ற மூன்று ஊருக்கும் சேர்த்துக் கிடைக்கிற உச்சம் 30தான். தலைக்கு 10. அதிலும் யாரோ ஹெட் ஆபீஸ் கேமராவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தால் அது இன்னும் குறையும். ஃபைபர் பிளான்கள் பலவற்றில் இரண்டு பக்கமும் சமமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் 5ஜி ஏர் கனெக்ஷனிலும் கேபிள் மோடத்திலும் அப்லோடு, டவுன்லோடில் ஒரு சின்னப் பங்கு. தனக்கே 50 எம்பிபிஎஸ் சமச்சீர் லைன் வைத்திருக்கும் உடுமலைக் கடையை, 300 என்ற எண்ணைப் பார்த்து கோவைக்குத் திருப்பிவிட்டால் அந்தக் கடையின் நெட்டை நாமே நெரிக்கிறோம்.

இதைவிட மோசமானது வரிசை. அப்லோடு நிரம்பியதும் மோடம் பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் தன் நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. 10 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள லைனில், மோடம் 1 மெகாபைட்டைச் சேர்த்து வைத்தாலே, பின்னால் வருகிற ஒவ்வொரு பாக்கெட்டும் முக்கால் விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த முக்கால் விநாடி எல்லா ஊருக்கும் சேர்த்துத்தான். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு லைனில் இதைக் கவனித்து, 'பஃபர்ப்ளோட்' என்று பேர் வைத்து உலகத்தையே எச்சரித்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்தைக் கொண்டுவந்தார்கள். இன்று ஓப்பன்டபிள்யூஆர்டி ரூட்டரில் எஸ்க்யூஎம் என்று இருப்பது அந்த வழியில் வந்ததுதான். லைன் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே, 90 சதவீதம் வாக்கில் அதில் எண்ணைப் போட்டால் வரிசை மோடத்தில் சேராது. ஆனால் எத்தனை ரூட்டரில் அது போடப்பட்டிருக்கிறது? ஆகவே லைனைச் சோதிக்கும்போது காலியான நேரத்தில் ஸ்பீடு பார்க்காதீர்கள். சாயங்காலக் கூட்டத்தில், ஒரு பெரிய ஃபைலை அப்லோடில் போட்டுவிட்டு, அதே நேரத்தில் பிங் பாருங்கள். சும்மா இருக்கும்போது 10 மில்லிசெகண்ட் காட்டிய லைன் 800க்கு ஏறினால், அது எத்தனை எம்பிபிஎஸ் ஆக இருந்தாலும் வாசலாகத் தகுதியற்றது.

'நான் தேர்ந்தெடுக்கவில்லையே, மெஷ்தானே ஆட்டோமேட்டிக்காகத் தேர்ந்தெடுக்கிறது' என்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மெஷ் எதை அளந்து தேர்ந்தெடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா? ஆரம்பகால மெஷ் நெறிமுறைகள் எத்தனை தாவலில் போய்ச் சேரலாம் என்று மட்டும் எண்ணின. அப்படி எண்ணினால், நடுவில் நல்ல இரண்டு தாவல் இருக்க, தேய்ந்துபோன ஒரே நீளத் தாவலைத்தான் அது விரும்பும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.காரர்கள் கேம்பிரிட்ஜ் நகரக் கூரைகளில் ரூஃப்நெட் என்ற வயர்லெஸ் வலையைக் கட்டியபோது இந்தக் குறையை நேரில் பார்த்தார்கள். டக்ளஸ் டி கூட்டோ, ராபர்ட் மாரிஸ் உள்ளிட்ட குழு 2003இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு பாக்கெட் போய்ச் சேர எத்தனை தடவை அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதை அளவுகோலாக வைத்தது. பெரிய முன்னேற்றம். ஆனால் அதுவும் வாசல் வரை உள்ள பாதையை மட்டுமே அளக்கிறது. வாசலுக்கு வெளியே ரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் சமூக வலையில் பிறந்த பேட்மேன் நெறிமுறை 2011இலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. அதில் வாசல் ரூட்டர், 'என்னிடம் இவ்வளவு வேகம் இருக்கிறது' என்று வலை முழுக்க அறிவிக்கும். அந்த எண்ணை யார் கொடுக்கிறார்கள்? ரூட்டரை அமைத்தவர் கையால் எழுதியது. எழுதாவிட்டால் 10க்கு 2 எம்பிபிஎஸ் என்று அதுவே சொல்லிக்கொள்ளும். லைன் செத்துக்கிடந்தாலும், பிளானை மாற்றி வேகத்தைக் குறைத்திருந்தாலும், பழைய எண்ணையே அறிவித்துக்கொண்டிருக்கும். ஆபீஸ் நெட்வொர்க்குகளில் புழங்கும் ஓஎஸ்பிஎஃப் இன்னொரு விதம். சிஸ்கோ ரூட்டர்களில் அதன் அடிப்படை அளவு 100 எம்பிபிஎஸ். அதை மாற்றாமல் விட்டால் 100 எம்பிபிஎஸ் லிங்கும் 10 ஜிபிபிஎஸ் லிங்கும் அதன் கணக்கில் ஒன்றுதான். அது பார்ப்பதும் போர்ட்டின் வேகத்தை. ஓஎன்டியோடு பேசும் போர்ட் 1 ஜிபிபிஎஸ் என்றால், பின்னால் இருக்கும் பிளான் 40 எம்பிபிஎஸ் என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

லைன் செத்ததைக் கண்டுபிடிக்கும் வேலையிலும் இதே குருட்டுத்தனம். ரூட்டரில் 'கேட்வே செக்' போட்டிருக்கிறேன் என்பார்கள். அந்தச் செக் பிங் செய்வது பல இடங்களில் பக்கத்து மேஜையில் இருக்கும் ஓஎன்டி பெட்டியை. தெருவில் ஃபைபர் அறுந்தாலும் அந்தப் பெட்டி பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். சரி, வெளியே 8.8.8.8ஐ பிங் செய்யலாம் என்றால், அந்த ஒரு முகவரி கொஞ்ச நேரம் பதில் தராவிட்டால் போதும், நல்ல லைனையும் செத்ததாக நினைத்து ரூட்டர் மாறிவிடும். இரண்டு மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் முகவரிகளை வைத்து, எல்லாம் தோற்றால்தான் மாற வேண்டும் என்று போடுங்கள். மாறியபின் உடனே திரும்பி வரக்கூடாது என்றும் போடுங்கள். விட்டு விட்டு வரும் லைனில் ரூட்டர் இங்கும் அங்குமாக ஆடினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளி ஐபி மாறும். ஐபி மாறினால் பேங்க் லாகின் அறுகிறது, போன் பேச்சு அறுகிறது, ஜிஎஸ்டி பக்கம் மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது. 20ஆம் தேதி சாயங்காலம் 3பி ஃபைல் செய்ய உட்கார்ந்தவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை.

இனி, எனக்கு அதிகக் கவலை தருவது. 'எங்களிடம் இரண்டு லைன் இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று' என்று நிம்மதியாக இருக்கிறீர்களே, அந்த இரண்டும் உண்மையிலேயே இரண்டுதானா? கடையை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து பாருங்கள். இரண்டு கம்பெனியின் கறுப்புக் கேபிளும் ஒரே ஈபி கம்பத்தில், ஒரே கொக்கியில் தொங்குகிறதா? உயரமாகச் சரக்கு ஏற்றிய ஒரு லாரி இரண்டையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும். தரைக்கடியில் போனால் மட்டும் தப்பிவிட முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் பள்ளம் தோண்டுவதால் நாட்டுக்கு வருடத்துக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசே சொல்லி, 2023 மார்ச்சில் தோண்டும் முன் தகவல் கொடுக்க ஒரு ஆப் வெளியிட்டது. ஒரே பள்ளத்தில் இரண்டு கம்பெனியின் குழாயும் போயிருந்தால் ஜேசிபிக்கு அது ஒரே வாய்தான்.

இது உலகம் முழுக்க நடந்த பாடம். 2001 ஜூலையில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹோவர்ட் தெருச் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. அந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான் பல போட்டி நிறுவனங்களின் ஃபைபரும் போயிருந்தது. ஒரே தீயில் எல்லாம் உருகின. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலுக்கடியில் சீ-மீ-வீ 4, ஃப்ளாக் ஆகிய இரண்டு கேபிள்களும் அறுந்தபோது, இந்தியாவின் வெளிநாட்டு இன்டர்நெட் கொள்ளளவில் பாதிக்கு மேல் போனது. இரண்டு வெவ்வேறு கேபிள், இரண்டு வெவ்வேறு உரிமையாளர்கள், ஆனால் கரையேறும் இடம் பக்கத்துப் பக்கத்தில்.

கம்பி வேறாக இருந்தாலும் போதாது என்பதைக் கனடா காட்டியது. 2022 ஜூலை 8 அன்று அங்குள்ள ராஜர்ஸ் நிறுவனம் மையக் கருவிகளைப் புதுப்பிக்கும்போது ரூட்டரில் ஒரு வடிகட்டியை எடுத்துவிட்டது. வழித்தடத் தகவல் வெள்ளமாகப் பாய்ந்து மையமே மூழ்கியது. 1.2 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருளில். நாடு முழுக்கக் கடைகளில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. பலரால் அவசர எண் 911ஐக்கூட அழைக்க முடியவில்லை. வீட்டு லைன் போனால் மொபைல் இருக்கிறதே என்று அதே கம்பெனியில் இரண்டையும் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே நிமிடத்தில் போயின. காரணம், இரண்டு சேவைக்கும் பின்னால் இருந்த மையம் ஒன்றே. நீங்கள் ஃபைபரும் சிம்மும் ஒரே கம்பெனியில், தள்ளுபடிக்காகச் சேர்த்து வாங்கியிருக்கிறீர்களா? உங்கள் நிலையும் அதுவே.

நம் மண்ணில் புயல் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 வர்தா சென்னையை அடித்தது. 2018 நவம்பர் 16 கஜா டெல்டாவைப் புரட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது. கம்பம் சாய்ந்தால் அதில் தொங்கும் ஃபைபரும் சாய்கிறது, கரன்ட்டும் போகிறது. மொபைல் டவர் பேட்டரியில் சில மணி நேரம் நிற்கும். டீசல் வந்து சேராவிட்டால் அதுவும் போகும். அந்த டவரையே பின்னால் இணைப்பது உங்கள் தெருவில் போகும் அதே ஃபைபராகவும் இருக்கலாம். அதனால் மெஷ்ஷில் இருக்கும் நாலு ஊரில் ஒன்றாவது வேறு மாவட்டத்தில், வேறு கம்பெனியில், வேறு வழியாக வரும் லைனில் இருக்க வேண்டும். நாலு இடமும் ஒரே லோக்கல் ஆபரேட்டரின் லைனில் என்றால், உங்களிடம் இருப்பது ஒரே லைன். கரன்ட் போனால் அந்த ஆபரேட்டரின் பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அவரிடமே கேளுங்கள். உங்கள் கடையில் மட்டும் யுபிஎஸ் வைத்துப் பயனில்லை.

செட்டிங்கில் ஒளிந்திருக்கும் சில கண்ணிகளையும் சொல்லிவிடுகிறேன். வயர்கார்டில் 0.0.0.0/0 என்பதை ஒரே இன்டர்ஃபேஸில் இரண்டு கிளைக்குக் கொடுத்தால் இரண்டு வாசல் கிடைக்காது. கடைசியாகக் கொடுத்த கிளை அதை எடுத்துக்கொள்ளும், முந்தையது சத்தமில்லாமல் இழந்துவிடும். ஒரு எச்சரிக்கையும் வராது. மாற்று வாசல் தயாராக இருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். அதோடு ::/0 போட மறந்தால் ஐபிவி6 போக்குவரத்து முழுக்க வாசலைத் தாண்டாமல் கிளையின் சொந்த லைனிலேயே வெளியேறும், நீங்கள் போட்ட வடிகட்டி எதுவும் அதைத் தொடாது. பிங் போகிறது, பக்கம் திறக்கிறது, ஆனால் பெரிய ஃபைல் ஏறமாட்டேன் என்கிறது என்றால் எம்டியூவைப் பாருங்கள்: வயர்கார்டு வழக்கமாக 1420 வைக்கும், பிபிபிஓஇ லைனில் இன்னும் 8 குறைக்க வேண்டியிருக்கும். டெயில்ஸ்கேலில் இரண்டு கிளை நேரடியாகக் கைகோக்க முடியாவிட்டால் நடுவில் ஒரு ரிலே வழியாகப் போகும். வேலை நடக்கும், ஆனால் நீங்கள் அளந்து தேர்ந்தெடுத்த லைனின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

சட்டப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை. எல்லாரும் கோவை வாசல் வழியாக வெளியேறினால், வெளி உலகுக்கு எல்லாரும் கோவை முகவரிதான். உடுமலையில் வாடிக்கையாளர் வைஃபையில் ஒருவன் செய்த தப்புக்குக் கதவைத் தட்டுவது கோவையில், பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில். ஜெர்மனியில் மற்றவர் செய்த பதிப்புரிமை மீறலுக்கு லைன் வைத்திருப்பவரே பொறுப்பு என்ற நிலை இருந்ததால், ஃப்ரைஃபுங்க் குழுக்கள் போக்குவரத்தை சுவீடன் வரை விபிஎன்னில் கொண்டுபோய் வெளியே விட்டன. 2017இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்த நெருக்கடி தளர்ந்தது. இங்கே மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் பாதுகாக்கச் சொல்கிறது. எந்தக் கிளையின் எந்த மெஷின் எப்போது வெளியே போனது என்ற பதிவு உங்கள் வாசல் ரூட்டரில் இல்லாவிட்டால், அந்தத் தப்பு உங்கள் தலையில்தான் நிற்கும். வாடிக்கையாளர் வைஃபையை மெஷ்ஷுக்குள் விடவே விடாதீர்கள்.

வாசலை மாற்றும் வேலையை அந்த வாசல் வழியாகவே உள்ளே நுழைந்து செய்யாதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அதன் மைய வலையைத் துண்டித்தது. அதைச் சரிசெய்யும் கருவிகளும் அதே வலையில்தான் இருந்தன. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. சுமார் 6 மணி நேரம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகத்திலிருந்தே மறைந்தன. கனடாவிலும் பொறியாளர்கள் கருவிகளை எட்ட முடியாமல் திணறினார்கள், நிர்வாக வலை மைய வலையையே நம்பியிருந்ததால். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், உங்கள் நெட்வொர்க் பையன் ராத்திரி பத்து மணிக்கு வீட்டிலிருந்து ஒரு ரூட்டை அழித்துவிட்டால் பொள்ளாச்சிக்குப் பைக்கில்தான் போக வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் வேறு கம்பெனி சிம் போட்ட சின்ன மோடம் ஒன்று, நிர்வாகத்துக்கு மட்டும் என்று இருக்கட்டும். மைக்ரோடிக் வைத்திருப்பவர்கள் சேஃப் மோடை அழுத்திவிட்டு மாற்றுங்கள். இணைப்பு அறுந்தால் மாற்றம் தானே பழைய நிலைக்குத் திரும்பும்.

அப்படியானால் எது நல்ல ஏற்பாடு? என் கருத்தில், ஒவ்வொரு கிளையும் தன் சொந்த லைனிலேயே வெளியே போக வேண்டும். கிளைக்கும் கிளைக்கும் நடுவே உள்ள பேச்சு மட்டும் மெஷ்ஷில் போகட்டும்: டேலி, ஸ்டாக், கேமரா. நிலையான ஐபி கேட்கும் அந்த ஒன்றிரண்டு முகவரிகளுக்கு மட்டும் கோவை வாசல், அதற்கு மாற்றாக வேறு கம்பெனி லைன் உள்ள இன்னொரு ஊர் வாசல், அந்த இரண்டு ஐபியையும் முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். சொந்த லைன் செத்தால் மட்டும் கிளை பக்கத்து ஊர் வழியாகப் போகட்டும், அதுவும் பில்லிங்குக்கும் பணம் வாங்குவதற்கும் முதலிடம் கொடுத்து. கேமரா பதிவும் சாஃப்ட்வேர் அப்டேட்டும் லைன் திரும்பும்வரை காத்திருக்கலாம்.

பிறகு சோதித்துப் பாருங்கள், வடகிழக்குப் பருவமழைக்கும் தீபாவளி வியாபாரத்துக்கும் முன்பாக, கடை மூடியபின் ஒரு இரவில். ரூட்டரிலிருந்து லேன் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது சோதனையே அல்ல. அப்படிப் பிடுங்கினால் எந்த ரூட்டருக்கும் லைன் போனது தெரிந்துவிடும். ஓஎன்டியின் பின்னால் இருக்கும் ஃபைபர் நுனியைக் கழற்றுங்கள் (நுனியைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம், லேசர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது). பெட்டிக்கு உயிர் இருக்கும், லைன் மட்டும் செத்திருக்கும். தெருவில் நடப்பதும் இதுவே. பில்லிங் மெஷினில் ஒரு ரூபாய்க்குப் பில் போட்டு, க்யூஆரில் பணம் வாங்கி, எத்தனை நிமிடத்தில் நடந்தது என்று எழுதி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து ஃபைபரைத் திரும்பச் செருகி, ரூட்டர் எப்போது தன் லைனுக்குத் திரும்புகிறது என்றும் பாருங்கள். இதையே நாலு ஊரிலும், ஒரு ஊரையும் விடாமல் செய்யுங்கள்.